பதிவேட்டில் காய்ந்த கிணற்றுக்கும் ஒரு வரி

நீர்க்கணக்கு: வாசகர் கேள்வி பதில்

மழை பொய்த்த வருடங்களில்தான் எனக்குக் கடிதம் குவியும். நல்ல மழை பெய்தால் ஒருவரும் எழுத மாட்டார்கள். இந்த மாதம் பை நிறைய வந்திருக்கிறது, வாட்ஸ்அப்பில் வேறு. புதிதாகப் படிப்பவர்களுக்காக: தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் முப்பத்து மூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆய்வுக்கூடத்தில் வேதியியல் ஆளாகச் சேர்ந்தேன், ஆனால் பாதி நாள் கிணற்றடியிலும் ஆற்றங்கரையிலும்தான் கழிந்தது. இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அம்மா, கொள்ளிடத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்ததே தவிர உப்பு தெரியவில்லை. அதை நம்பி இன்ஜின் போட்டு நாற்றங்காலுக்கு இறைத்தேன். நாலே நாளில் நுனி கருகிவிட்டது. உரக்கடைக்காரர் பூச்சி என்கிறார். தண்ணீரில்தான் கோளாறா?
– ஒரு விவசாயி, சீர்காழி வட்டம்

பதில்: தண்ணீரில்தான் இருக்க வேண்டும். பூச்சி மருந்துக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். நீங்கள் குடித்துப் பார்த்தது மேல்தண்ணீர், உங்கள் இன்ஜின் குடித்தது அடித்தண்ணீர்.

கடல்நீர் கனமானது. லிட்டருக்கு 25 கிராம் போல நல்ல தண்ணீரைவிட எடை கூடுதல். மேலேயிருந்து ஆற்றில் வரும் ஓட்டம் தளர்ந்ததும், கடல்நீர் முகத்துவாரம் வழியாக ஆற்றுத் தரையை ஒட்டி, மரத்தில் ஆப்பு இறங்குவதுபோல உள்ளே வரும். நல்ல தண்ணீர் அதன் தலைமேல் மெல்லிசாக மிதந்துகொண்டிருக்கும். நம் கரையில் கடல் தினமும் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இல்லைதான். ஆனால் கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் ஆற்றுத் தரையே கடல்மட்டத்தை ஒட்டித்தான் இருக்கிறது. மணல் அள்ளிய பள்ளங்களைக் கேட்கவே வேண்டாம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறிவந்த உப்புநீர் அந்தப் பள்ளங்களில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கடல் திரும்ப இறங்கி வற்றினாலும் அது எழுந்து போகாது.

இதை நீங்களே பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடி பாட்டிலின் கழுத்தில் கயிறும் அடியில் கல்லும் கட்டுங்கள். வாயில் தக்கை வைத்து, தக்கைக்குத் தனியாக ஒரு நூல். பாலத்திலிருந்தோ படகிலிருந்தோ பாட்டிலைத் தரைவரைக்கும் இறக்கிவிட்டு நூலை வெடுக்கென்று இழுத்தால் தக்கை கழன்று அடித்தண்ணீர் நிரம்பும். இன்னொரு பாட்டிலில் மேல்தண்ணீர். இரண்டையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். அப்புறம் என்னிடம் கேட்கவே மாட்டீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிப் பிடித்த பன்னிரண்டு பாட்டில்களைச் சாக்குப்பையில் போட்டு, ஆச்சாள்புரம் பக்கம் பஸ் ஏறினேன். பாட்டில்கள் உரசும் சத்தம் கேட்டு கண்டக்டர் பையைத் திறக்கச் சொன்னார். சாராயம் கடத்துகிறேன் என்று நினைத்துவிட்டார். ஒரு பாட்டிலை முகர்ந்து பார்த்தார், நம்பவில்லை. ஒரு வாய் ஊற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகத் துப்பினார். அது தரையிலிருந்து எடுத்த பாட்டில். 'இதையா மாடு குடிக்குது?' என்று கேட்டார். மாடு மேல்தண்ணீரைக் குடிக்கிறது, அதனால் பிழைத்திருக்கிறது என்று சொன்னேன். டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறந்துவிட்டார்.

சரி, உங்கள் நாற்றங்காலுக்கு வருவோம். ஃபுட் வால்வை, அதாவது உறிஞ்சு குழாயின் வாயை, ஆற்றின் அடியில் போட்டிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். அதைத் தூக்குங்கள். ஒரு காலி பிளாஸ்டிக் டிரம்மில் கட்டி, மேல்மட்டத்திலிருந்து ஒன்றரை அடிக்குள் தொங்கவிட்டு, காற்றுப் புகாத அளவுக்கு மட்டும் முக்கி, மெதுவாக இறையுங்கள். வேகமாக இழுத்தால் அடியில் கிடக்கும் உப்பும் சேர்ந்து ஏறும். கடல் வற்றும் நேரமாகப் பார்த்து இறைப்பது நல்லது. நேரம் பழையாறு மீனவர்களுக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள். உப்பு கூடக் கூடத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும், உப்பை அதை வைத்துத்தான் அளப்பது. இந்த மின்கடத்துத்திறன் 2,000 மைக்ரோசீமென்ஸ் வரை இருக்கிற தண்ணீரில் நெல் மகசூல் குறையாது. 4,800 போனால் பாதிதான் வீடு வந்து சேரும். நாற்றும் பூக்கும் பயிரும் இதைவிட ரோஷமானவை. பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று காட்டுவது) விற்கிறதே, அதில் இந்த 2,000 என்பது 1,000லிருந்து 1,300க்குள் காட்டும். ஒன்று கவனம்: அந்தப் பேனாவில் பல 9,990க்கு மேல் எண்ணாது. கடல்நீரில் கரைந்திருப்பது லிட்டருக்கு 35,000 மில்லிகிராம். அதில் முக்கினால் கோடோ பிழைக்குறியோதான் வரும். மீட்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 'விநாடிக்கு ஆயிரம் கன அடி' என்று செய்தியில் சொல்கிறார்கள். இதை யார் எண்ணுகிறார்கள்? எப்படி?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: யாரும் தண்ணீரை நேராக எண்ணுவதில்லை கண்ணு. ஆற்றின் குறுக்கே அகலத்தைப் பல துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும் வேகத்தையும் அளக்கிறார்கள். வேகத்துக்குக் கிண்ணங்கள் சுழலும் ஒரு கருவி. ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே வைத்தால் கிட்டத்தட்ட சராசரி வேகம் கிடைக்கும். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் ஓட்டம். தினமும் இதைச் செய்ய முடியாது. அதனால் ஆற்றில் ஓர் அளவுகோல் நட்டு, மட்டம் இவ்வளவு இருந்தால் ஓட்டம் இவ்வளவு என்று ஒரு வளைகோட்டைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். பிறகு மட்டத்தைப் படித்தால் போதும்.

வெள்ளத்தில் இது நன்றாக வேலை செய்யும். வறட்சியில்தான் வம்பு. முக்கால் கிலோமீட்டர் அகல ஆற்றில் தண்ணீர் ஒரு மூலையில் முழங்கால் அளவு ஓடையாக ஓடும், அளவுகோலோ இன்னொரு மூலையில் மணலில் நிற்கும். கோலைப் படித்துப் பூஜ்யம் என்று எழுதுபவரும் உண்டு, தேங்கிய குட்டையைப் படித்து ஓட்டம் என்று எழுதுபவரும் உண்டு. மணல் அரித்தோ அள்ளப்பட்டோ தரை இறங்கியிருந்தால் பழைய வளைகோடு பொய் சொல்லும். ஆகவே தண்ணீர் குறையக் குறைய ஆள் அடிக்கடி இறங்கி அளக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். தண்ணீர்தான் இல்லையே, எதை அளப்பது என்று வண்டியைக்கூட அனுப்ப மாட்டார்கள்.

உன் ஊர் வாய்க்காலிலேயே செய்து பார். நேராக ஓடும் இடத்தில் கரையோரமாக 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடு. ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, ஒரு குச்சியிலிருந்து மறு குச்சிக்கு எத்தனை விநாடி என்று பார். 25 விநாடி என்று வைத்துக்கொள். விநாடிக்கு 0.4 மீட்டர். மேல்தண்ணீர் கொஞ்சம் அவசரக்காரன், அதனால் 0.85ஆல் பெருக்கு, 0.34 வரும். வாய்க்கால் 3 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 40 சென்டிமீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 1.2 சதுர மீட்டர். பெருக்கினால் விநாடிக்கு 408 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆக உன் வாய்க்காலில் விநாடிக்குப் பதினான்கு கன அடிக்குக் கொஞ்சம் மேல் ஓடுகிறது. டி.எம்.சி.க்கும் ஒரு சூத்திரம் சொல்கிறேன், நுழைவுத் தேர்வில் கேட்டாலும் கேட்பார்கள்: விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மிச்சத்தை நீயே போட்டுப் பார்.

கேள்வி: என் மனைவி பேச்சைக் கேட்டு நானும் கிணற்றை அளக்கலாம் என்றிருக்கிறேன். தானியங்கிக் கருவி என்ன விலை?
– திருவாரூர்

பதில்: சுண்ணாம்புக் கட்டி என்ன விலையோ அதுதான். இரும்பு டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்குச் சுண்ணாம்பு தடவி இறக்குங்கள், நனைந்த கோடு சொல்லிவிடும். மனைவியின் பேச்சைத் தொடர்ந்து கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் கிணறுகள் வரிசையாகக் காய்ந்து கிடக்கின்றன. ஒரு கூட்டத்தில், 'சராசரி நீர்மட்டம் போன மாதத்தைவிடக் கால் மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது' என்று அட்டவணை காட்டினார்கள். எல்லோரும் கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டோம். இது பச்சைப் பொய்தானே?
– ஊராட்சி உறுப்பினர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் இதில் பயங்கரம். ஒருவரும் பொய் சொல்லாமலே இப்படி ஓர் அட்டவணை பிறக்கும். எப்படி என்று காட்டுகிறேன், தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு கிணறு. தரையிலிருந்து தண்ணீர் 5, 7, 8, 12 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. சராசரி 8. அடுத்த மாதம் வறட்சி முற்றி எல்லா இடத்திலும் ஒரு மீட்டர் இறங்குகிறது. முதல் மூன்றில் 6, 8, 9. நான்காவது கிணற்றின் தரையே பன்னிரண்டரை மீட்டரில்தான், அதனால் அது காய்ந்துவிட்டது. போய்ப் பார்த்தவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு வருகிறார். கணினியில் ஏற்றுபவர் கோட்டைக் காலி என்று எடுத்துக்கொள்கிறார். மீதி மூன்றின் சராசரி 7.67. எட்டிலிருந்து 7.67. அதாவது 'நீர்மட்டம் 33 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது'. ஒவ்வொரு கிணறும் ஒரு மீட்டர் இறங்கியிருக்கிறது! இன்னும் இரண்டு காய்ந்தால் அட்டவணையில் இன்னும் செழிப்பு.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அந்தக் கோட்டை நானே இழுத்திருக்கிறேன். 1983 கோடை, கடுமையான வறட்சி. ஒரு பகுதியின் பதினான்கு கிணறுகளை அளந்து, தண்ணீர் மாதிரியும் பிடித்து வரவேண்டியது என் பொறுப்பு. பதிவேட்டை மேஜையில் வைத்தேன். மூத்த அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலால் எண்ணினார். ஐந்து கோடு. 'ஏம்மா, இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்? கிணறு காய்ஞ்சுதா, நீ போகலையா?' என்று கேட்டார். மூன்று காய்ந்திருந்தது. ஒரு வீட்டில் பூட்டு தொங்கியது. ஒன்றில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அளக்கவில்லை. எது எது என்று எனக்கு நினைவில்லை. ஐந்தும் ஒரே கோடுதானே! அவர் திட்டவில்லை. பேருந்துக் கட்டணத்துக்குக் காசு எடுத்துக் கொடுத்து, நாளைக்குத் திரும்பப் போய்வா என்றார். போனேன். செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில். ஒரு கிணற்றடியில் இருந்த ஆத்தா, 'நேத்துத்தானே எட்டிப் பாத்துட்டுப் போனே, ராத்திரியிலே ஊறிடும்னு நெனச்சியா?' என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து என் பதிவேட்டில் கோடு கிடையாது. காய்ந்த கிணறு என்றால் 'காய்ந்தது, தரை 12.5 மீட்டர்'. அதற்கு ஓர் அர்த்தம் உண்டு: தண்ணீர் பன்னிரண்டரைக்கும் கீழே போய்விட்டது. அது முழு அளவு இல்லைதான், ஆனால் ஓர் அளவு. பூட்டியிருந்தால் 'பூட்டு'. பம்பு ஓடினால் 'பம்பு ஓடுகிறது', அதோடு எத்தனை மணிக்குப் போனேன் என்பதும்.

நீங்கள் அடுத்த கூட்டத்தில் கத்த வேண்டாம். இரண்டே கேள்வி கேளுங்கள். போன மாதம் எத்தனை கிணறு, இந்த மாதம் எத்தனை? இரண்டு மாதமும் தண்ணீர் இருந்த கிணறுகளை மட்டும் ஒப்பிட்டால் என்ன வருகிறது? பதில் சொல்பவர் திணறினால் நல்லவர் என்று எடுத்துக்கொண்டு, பதிவேட்டை இருவரும் சேர்ந்து புரட்டுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. இப்போது பல இடங்களில் ஆழமான கண்காணிப்புக் குழாய்களும் தானாகப் பதியும் கருவிகளும் வந்துவிட்டன. ஆழக் குழாய் சுலபத்தில் காயாது, அதனால் இந்தக் குழப்பம் அதில் குறைவு. ஆனால் ஆழக் குழாயில் தெரிவது ஆழத்து மண்ணடுக்கின் கதை. உங்கள் ஊர்த் திறந்த கிணற்றின் கதை வேறாக இருக்கலாம்.

ஊரிலேயே பத்துக் கிணறு அளக்க ஆரம்பித்தால் சில சில்லறை விஷயங்கள். காலையில் யாரும் பம்பு போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் பெயின்ட் அடித்து, எப்போதும் அங்கிருந்தே டேப் இறக்க வேண்டும். சுவர் உயரத்தைக் கழிக்க மறக்கக் கூடாது. ஒரு பையன் ஆறு மாதம் சுவரோடு சேர்த்தே எழுதியிருந்தான். ஆறு மாதமும் ஒரே தவறைச் செய்ததால் பிழைத்தோம், மொத்தமாக எழுபத்தைந்து சென்டிமீட்டர் கழித்துக்கொண்டோம்.

கேள்வி: வீட்டுக்கு வந்த ஆர்.ஓ. விற்பனையாளர் டிடிஎஸ் 900 என்று காட்டினார். அப்புறம் இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சினார். தண்ணீர் சாக்கடை நிறமாகிவிட்டது. இதையா இத்தனை நாள் குடித்தோம்?
– குடும்பத்தலைவி, மயிலாடுதுறை

பதில்: அது கம்பியின் துரு. இரும்புக் கம்பி கரைந்து அந்த நிறம் வருகிறது. உப்புகளே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அவருடைய இயந்திரத் தண்ணீர் வெள்ளையாகவே நிற்கும். நல்ல வித்தை. 900க்குப் பதில்: இந்தியத் தரத்தில் 500 வரை விரும்பத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். போன வருடம் உங்கள் வீட்டில் எவ்வளவு இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். 600லிருந்து 900 ஆகியிருந்தால் கிணற்றைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறான். 2024 இலையுதிர்காலத்தில் அங்கே வறட்சி, டெலவேர் ஆற்றில் 'உப்பு முனை' மேலே ஏறுகிறது என்று பயமுறுத்தினான். அங்கேயும் இதெல்லாம் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

பதில்: உண்டு ஐயா. இன்னும் சொல்லப்போனால், ஆற்று உப்பை எப்படிக் கணக்கு வைப்பது என்று யாராவது கேட்டால் நான் டெலவேரைத்தான் காட்டுவேன்.

ஒரு லிட்டரில் குளோரைடு, அதாவது உப்பில் இருக்கும் ஒரு பங்கு, 250 மில்லிகிராம். ஏழு நாள் சராசரியில் அந்த அளவு எந்த இடத்தில் இருக்கிறதோ அதுதான் அவர்கள் சொல்லும் உப்பு முனை. (நம் இந்தியக் குடிநீர்த் தரத்திலும் விரும்பத்தக்க வரம்பு அதே 250தான்.) முகத்துவாரத்திலிருந்து ஆற்றை மைல் மைலாக எண்ணி, இன்று முனை எத்தனையாவது மைலில் என்று சொல்வார்கள். சாதாரண நாளில் அது வில்மிங்டன் நகரத்துப் பக்கம் கிடக்கும். 1960களில் வந்த கொடிய வறட்சியில், 1964ல், 102வது மைல் வரைக்கும் ஏறிவிட்டது. ஃபிலடெல்பியா நகரம் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் இடம் 110வது மைல். எட்டே மைல் பாக்கி! அக்கரையில் கேம்டன் பகுதிக் கிணறுகளுக்கும் ஆற்றுநீர் மண்ணடுக்கு வழியாக ஊறிப் போகும், ஆகவே ஆறு உப்பானால் கிணறும் உப்பாகும்.

உப்பைத் தள்ளி நிறுத்த அவர்களிடம் இருக்கும் ஆயுதம் மேலிருந்து விடும் நல்ல தண்ணீர்தான். டிரென்டன் என்ற இடத்தில் சாதாரண நாளில் விநாடிக்கு 3,000 கன அடி ஓட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். குறைந்தால் அணைகளைத் திறப்பார்கள். உங்களுக்குச் சுவாரசியமான ஒன்று: அந்த ஆற்றின் தலைப்பகுதி அணைகள் மூன்று நியூயார்க் நகரத்தின் கையில். கீழே உள்ள மாநிலங்களோடு வழக்கு, உச்ச நீதிமன்றம், 1954ல் தீர்ப்பு. நியூயார்க் இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மான்டேக் என்ற ஊரில் விநாடிக்கு 1,750 கன அடி ஓட வேண்டும் என்று. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலு நமக்கு எப்படியோ அவர்களுக்கு மான்டேக். கர்நாடகம் ஆண்டுக்கு விட வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2018ல் சொன்ன 177.25 டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. இரண்டு நாட்டிலும் சண்டை தண்ணீருக்காக என்றாலும், கடைசியில் எல்லோரும் போய் நிற்பது ஓர் அளவுகோலின் முன்னால்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் ஆண்டு முழுக்க, கடலோரம்வரை அளந்து கணக்கு வைக்கிறார்கள். 1961ல் நான்கு மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து வைத்த ஆணையம் ஓட்டம், அணை, உப்பு மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கிறது. கொள்ளிடத்தில் இன்று உப்பு எந்த ஊர்வரை என்று நாளிதழில் மேட்டூர் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு வரி வந்தால், மேலே எழுதிய சீர்காழிக்காரர் நாற்றைக் காப்பாற்றியிருப்பார். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், குழாய்த் தண்ணீரைப் பயப்படாமல் குடிக்கட்டும்.

கேள்வி: கடலோரத்தில் எங்கள் போர் உப்பாகிவிட்டது. இன்னும் நாற்பது அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா?
– நாகப்பட்டினம்

பதில்: அவசரப்பட்டு ரிக் வண்டியைக் கூப்பிட வேண்டாம். கடலோர மணலில் நல்ல நீர், கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நல்ல நீர் இருக்கும். ஒரு நெதர்லாந்துக்காரரும் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு. இதையே திருப்பிப் போடுங்கள்: இறைத்து இறைத்து மேலே ஒரு அடி குறைத்தால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி மேலே வரும். இன்றே வராது, சில மாதங்களோ வருடங்களோ ஆகும். வந்தால் போகாது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் இதுதான் நடந்தது. 1960களின் கடைசியில் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் போல இருந்த உப்பு, பின்னால் பத்து கிலோமீட்டரையும் தாண்டி உள்ளே போய்விட்டது. பெருநகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் ஒரே மண்ணடுக்கில் இறைத்ததன் பலன்.

சில இடங்களில் களிமண் அடுக்குக்குக் கீழே தனியாக நல்ல நீர் இருப்பதுண்டு. அது உங்கள் தெருவுக்கு உண்டா என்பதைப் பக்கத்துப் போர்களின் பழைய விவரங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை ஆழம் குறைந்த ஊற்றுக் கிணறு, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது.

கேள்வி: மேட்டூரில் நந்தி தெரிகிறது என்று படம் போடுகிறார்கள். வறட்சிக்கு இப்படி அடையாளம் வேறு எங்காவது உண்டா?
– சேலம்

பதில்: பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் இறங்கும்போது முதலில் தேவாலயக் கோபுரம், அப்புறம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. அணை கட்டியபோது மூழ்கிய ஊரின் மிச்சம். அது யாரும் அளவுக்காக வைத்ததல்ல. ஆனால் ஐரோப்பாவில் எல்பே ஆற்றில், செக் நாட்டு தெச்சின் ஊரில், அளவுக்காகவே ஒரு கல் இருக்கிறது. நீர் மிகவும் இறங்கினால்தான் தெரியும். 1616 முதலான வறட்சி ஆண்டுகள் அதில் செதுக்கியிருக்கின்றன. 'என்னைக் கண்டால் அழு' என்று ஜெர்மன் மொழியில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். 2018லும் 2022லும் வெளியே தலைகாட்டியது. நாமும் வெள்ளம் வந்தால் சுவரில் கோடு போட்டு வருடம் எழுதுகிறோம். தண்ணீர் போன மட்டத்துக்கு யாரும் கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

கேள்வி: மேட்டூரைத் திறந்தார்கள், கல்லணையைத் திறந்தார்கள். திறந்த கணக்கில் பாதிகூடக் கடைமடைக்கு வரவில்லை. மேலே திருடிவிட்டார்களா?
– வேதாரண்யம் அருகே

பதில்: கொஞ்சம் திருட்டும் இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய திருடன் மணல். நல்ல காலத்தில் கிணற்றுத் தண்ணீர் ஆற்றுக்கு ஊறும். கோடையில் மழையில்லாமலே ஆற்றில் ஓடும் கசிவு அதுதான். வறட்சியில் நிலத்தடி நீர் ஆற்றுத் தரைக்குக் கீழே போய்விட்டால் திசை மாறிவிடும், ஆறு கிணற்றுக்கு ஊட்ட ஆரம்பிக்கும். முதல் தண்ணீர் முழுவதையும் மணல் குடித்து முடித்த பிறகுதான் மிச்சம் நகரும். வழக்கமாக ஜூன் 12ல் மேட்டூரைத் திறந்தால் கல்லணைக்கு மூன்று நாலு நாளில் தண்ணீர் வந்துவிடும். வறண்ட வருடத்தில் அதே தண்ணீர் தயங்கித் தயங்கி வரும். மணல் குடித்ததும் வீண் இல்லை, கரையோரக் கிணறுகளில் ஏறியிருக்கும். எந்த மதகில் எவ்வளவு விட்டார்கள், கரையோரக் கிணறுகள் எவ்வளவு ஏறின, உங்கள் ஊரில் எவ்வளவு வந்தது என்ற மூன்றும் ஒரே தேதியில் அளந்திருந்தால் திருட்டு எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சண்டைதான் போட முடியும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டுக் கிணற்றில் இப்போது எவ்வளவு?
– பெயர் வேண்டாம், பாபநாசம்

பதில்: இன்று காலை ஐந்து நாற்பதுக்கு, பம்பு போடும் முன், சுவர் உயரம் கழித்து 6.85 மீட்டர். போன மாதம் இதே தேதியில் 6.60. மின்கடத்துத்திறன் 1,120, போன மாதம் 1,090. பக்கத்து வீட்டுக் கிணறு காய்ந்துவிட்டது, தரை 6.70. அதையும் எழுதியிருக்கிறேன்.